மூச்சு தெரியும் வெளிச்சம்

ஆஸ்பத்திரியில் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் நாள் முழுக்க வாயில் ஒரே பாட்டுத்தான்: மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கடைசி வார்த்தையைச் சொல்ல மறந்து, படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தால், அந்தப் பெரியவர் இரண்டு கன்னமும் உப்ப, முகம் செக்கச்செவேல் என்று, விழி பிதுங்க நின்றுகொண்டிருக்கிறார். விட்டுவிடட்டுமா என்று கையால் சைகை வேறு. பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. சலவைப் பகுதிப் பெண்கள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் இன்றைக்கும் அவள் மூச்சக்காதான்.

அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வேலையில் அவள் கெட்டி. படம் கலங்கியிருக்கிறது, இன்னொரு தடவை எடுத்துக் கொடு என்று யாரும் திருப்பி அனுப்பியது கிடையாது. காரணம் அவள் விரல். எதிரே நிற்கிறவர் நெஞ்சு ஒரு நூல் அசைந்தாலும் அந்த விரல் பொத்தானை அமுக்காது. அசைவு அடங்கினால்தான் அமுக்கும். யோசித்துச் செய்வதெல்லாம் இல்லை, விரலே கற்றுக்கொண்டுவிட்டது. இந்த விரலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவள் உயிரை வாங்கப் போகிறது.

வீட்டில் அவளும் மாமியாரும் இரண்டே பேர். புருஷன் கப்பலில், எஞ்சின் அறையில். அவளுடைய எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது, அவர் அறைக்கும் கிடையாது. ஜன்னல் இல்லாத இரண்டு பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்களே என்று மாமியார் அவ்வப்போது தலையில் அடித்துக்கொள்வாள். ஒப்பந்தம் முடிந்து வருவார், சில வாரம் இருப்பார், குழாய் ஒழுகுவதைச் சரி செய்வார், கதவுக்கு எண்ணெய் போடுவார், அடுத்த ஒப்பந்தம் வந்ததும் கிளம்பிவிடுவார். வாசலில் நின்று அவள் எப்போதும் ஒன்றுதான் சொல்லுவாள்: "சரி, பாத்துப் போங்க." கண்ணில் ஒரு பொட்டு ஈரம் தெரியாது. சரியான அழுத்தக்காரி என்று அக்கம்பக்கத்தில் பேர்.

அழுத்தமாவது ஒன்றாவது. அவர் போன அன்றைக்கே அவர் படுக்கிற பக்கத்துக்கு மாறிவிடுவாள். அவர் துடைத்துப் போட்ட துண்டு ஆணியில் வாரக்கணக்கில் தொங்கும், துவைக்க மாட்டாள். மாமியாருக்கு அது தெரியும், அந்த ஆணிப் பக்கமே கையை நீட்ட மாட்டாள். அவர் போன் செய்யும் நேரம் நெருங்கினால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடப்பாள். ஆனால் மணி அடித்ததும் எடுத்துவிட மாட்டாள். ரெண்டு மூன்று தடவை அடிக்க விட்டுத்தான் எடுப்பாள். காத்துக்கிடந்தது தெரிந்துவிடுமாம்! அப்படி ஒரு வீம்பு. எடுத்து, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, இங்க எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிடுவாள். வைத்த பிறகு அரை மணி நேரம் யார் பேசினாலும் காதில் விழாது.

கேமரா அவருடையது. எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, போன தடவை வந்தபோது மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். கப்பலில் எண்ணெயும் கரியும்தான், இது இங்கே இருக்கட்டும் என்றார். அது உறையைவிட்டு வெளியே வராமல் பல மாதம் தூங்கியது. பிறகு மலையில் பனி விழ ஆரம்பித்த நேரம் ஒரு நாள் போனில் அவர் கேட்டார், உங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால அந்தக் குருவி இன்னும் வருதா என்று.

அந்தக் குருவிக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான முதல் பனிக்காலம். இரவு வேலை முடிந்து அவள் வருவதற்காக ஆஸ்பத்திரியின் பின்வாசலில் அவர் காலையில் காத்து நிற்பார். அங்கே ஒரு வெற்று நிலம், பழைய வேலிக் கம்பங்கள். ஒரு நாள் அவள் வெளியே வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்து இழுத்தார். கம்பத்து மேல் சின்னக் குருவி ஒன்று பாடியதாம், நெஞ்சு சிவப்பாக இருந்ததாம், பாடும்போது வாயிலிருந்து புகை வந்ததாம். அவள் திரும்பிப் பார்க்கும்போது கம்பத்தில் ஒன்றும் இல்லை. "எந்த பிராண்டு சிகரெட்டுன்னு கேட்டீங்களா?" என்று சிரித்தாள். சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. படம் இருந்தால் காட்டுங்கள், நம்புகிறேன் என்றாள். எக்ஸ்ரேக்காரி வேறு எப்படிப் பேசுவாள்? அதற்குப் பிறகு வீட்டில் யார் எதை மிகைப்படுத்திச் சொன்னாலும், 'குருவி புகை விட்டுதாக்கும்' என்பது பேச்சாகிவிட்டது. மாமியாரும் சேர்ந்துகொண்டாள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நான் பாத்தேன்மா, என்று மட்டும் சொல்லுவார்.

அந்த ஞாபகம்தான் கேமராவை உறையிலிருந்து எடுக்க வைத்தது. ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. பனிக்காலத்தில் பறவைகளையும் பூச்சிகளையும் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது எப்படி என்று. சொல்லிக் கொடுக்கிறவள் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற பெண், இவளைவிட வயதில் சின்னவள். குளிரில் கல்யாண வேலை குறைவு, சும்மா இருக்கப் பிடிக்காமல் வகுப்பெடுத்தாள். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் மனசு சுத்தம். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். டீச்சர் இவளை அக்கா என்றாள்.

முதல் வகுப்பில் டீச்சர் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிற்க வைத்தாள். கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நின்று எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது, இப்போது பாருங்கள், மத்தியானம்கூடச் சாய்ந்துதான் வருகிறது என்றாள். உதிர்ந்த இலை ஒன்றைத் தூக்கி அந்த வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். இலையின் ஓரத்தில் உறைந்திருந்த பனி ஊசி ஊசியாக நின்றது. மூச்சக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இத்தனை வருஷம் பகலெல்லாம் ஜன்னல் இல்லாத அறையிலேயே கழித்தவள் அவள். பனிக்காலத்துக்கு இப்படி ஒரு வெளிச்சம் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

ஓடாத பொருள்களில் ஆரம்பித்தார்கள். அதில் அவளை அடிக்க ஆள் இல்லை. சைக்கிள் கொட்டகையில் பனி கோத்த சிலந்தி வலை, காய்ந்த பூவின் தலை, வாளித் தண்ணீர் உறைந்ததில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. விரல் தன் வேலையை அழகாகச் செய்தது. அந்தக் குமிழிக்காக ஒரு சனிக்கிழமை காலை முழுக்கக் குளியலறைக்கு வெளியே தரையில் படுத்துக் கிடந்தாள். மாமியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். என் பிள்ளை கடல்ல, மருமக தரையில, நான் குளிக்க வேண்டாமா, என்று கேட்டாள். இன்னும் ஒரே ஒரு படம் அத்தை, என்றாள் இவள். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் வேறு தண்ணீர் வைத்தாள்.

படங்களை அவருக்கு அனுப்பினாள். கப்பலில் சிக்னல் கிடைக்கிறபோது பதில் வரும். குமிழிப் படத்தைக் கப்பலில் எல்லோருக்கும் காட்டியதாகவும், சமையல்காரர் அதைக் கண்ணாடிக் குண்டு என்று சாதித்ததாகவும் எழுதியிருந்தார். அதை அவள் பலமுறை படித்தாள். முகம் தெரியாத அந்தச் சமையல்காரர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவர் பக்கத்தில் நின்று பேசுகிறானே!

பறவை என்று வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குருவி அங்கேயேதான் இருந்தது, அல்லது அதன் பேரனோ பேத்தியோ, யார் கண்டது. நெஞ்சு செங்கல் நிறம். சலவைப் பகுதிச் சுவருக்கு அப்பால், அதே வேலிக் கம்பங்கள். வேலைக்கு முன்னால் தினமும் போய், ஆஸ்பத்திரியின் பழைய ரப்பர் விரிப்பை உறைந்த புல்லில் போட்டுக் குப்புறப் படுத்தாள். பேட்டரி குளிரில் செத்துப்போகாமல் இருக்க ஸ்வெட்டருக்குள் உடம்போடு வைத்துக்கொண்டாள். முதல் நாள் குருவி வந்து உட்கார்ந்ததும் அவள் வாய் தானாகவே, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க," என்றது. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. குருவிக்கு மரியாதை தெரியவில்லை, பறந்துவிட்டது. துணி உலர்த்த வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாயை அடக்கக் கற்றாள். படங்கள் வந்தன. வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினாள். எல்லாப் படத்திலும் குருவி நட்ட நடுவில். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. "அக்கா, இதுக்கு நெஞ்சுல சளியா?" என்றாள் டீச்சர். அறையே சிரித்தது, இவளும் சிரித்தாள். ஆனால் டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொரு படமாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கூர்மைன்னா இப்படி ஒரு கூர்மை நான்கூட எடுத்ததில்ல. ஆனா ஒண்ணுலகூட அது வாயத் திறக்கலையே. பாடும்போது நீங்க எடுக்கவே இல்ல. பாடி முடிச்சு அடங்கினப்புறம்தான் அமுக்கறீங்க."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. உண்மைதான். குருவி பாடும்போது அதன் நெஞ்சு துடிக்கும், இறகு நடுங்கும், விரல் அசையாமல் கிடக்கும். பாட்டு முடிந்து உடம்பு அடங்கியதும் விரல் இறங்கும். கூடவே இன்னொரு தொல்லை. படம் எடுக்கும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இறுதியில் தாங்க முடியாமல் குபுக்கென்று விடுவாள், அது லென்ஸுக்கு முன்னால் வெள்ளையாகப் படர்ந்து அடுத்த படத்தைக் கெடுக்கும். மூச்சைப் பிடிக்காதீங்கக்கா, விட்டுக்கிட்டே அமுக்குங்க என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னாள். எங்கே நடக்கிறது? பிடித்தால்தான் படம் என்று ஊறிப்போன உடம்பு.

குருவியின் வாய்ப்புகை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்றும் டீச்சர் சொல்லிக் கொடுத்தாள். கடுங்குளிர் வேண்டும், காற்று இருக்கக் கூடாது. சூரியன் குருவிக்குப் பின்னாலிருந்து தாழ்வாக வர வேண்டும். அதற்கும் பின்னால் இருட்டாக ஏதாவது இருக்க வேண்டும். அப்போது மூச்சு மட்டும் எரிகிற மாதிரித் தெரியும் என்றாள். அன்று சாயங்காலம் மூச்சக்கா தான் கிடக்கும் இடத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கம்பத்துக்கு எதிர்ப்பக்கமாகப் படுத்தால் அதற்குப் பின்னால் நிழலில் கிடக்கும் கரிய சுவர். காலையில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே சந்து வழியாகச் சூரியன் கொஞ்ச நேரம் அந்தக் கம்பத்தைத் தொடும். பிறகு போய்விடும். அன்றைக்கு அவர் நின்ற இடமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் அவர் கண்ணுக்குப் புகை தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஒரு நல்ல மனுஷனைக் கேலி செய்திருக்கிறோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் அந்த போன் வந்தது. ஒப்பந்தம் முடியப் போகிறது என்றார். கரையிலேயே, ஊரிலேயே, எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒரு இடம் காலியாகிறதாம். அல்லது இதே கப்பலில் தொடரலாமாம், கேப்டன் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்ற, என்று கேட்டார்.

அவள் ஆணியில் தொங்கும் துண்டைப் பார்த்தாள். வாயோ, "உங்க இஷ்டம்," என்றது.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "அவன் போகட்டுமாங்கறான், நீ சரிங்கற. வரட்டுமாங்கறான், உங்க இஷ்டங்கற. அவனுக்கு எப்படித்தான் தெரியும், ஜோசியமா பாப்பான்?" என்றாள். இவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தான் கேட்டு அவர் வந்துவிட்டால் பின்னால் கப்பலை நினைத்து ஏங்குவாரோ, அந்த ஏக்கம் தன்னால் வந்ததாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வா என்று சொல்லி, அவர் வராமல் போய்விட்டால்? சொல்லாதவரைக்கும் அந்த அடி விழாது அல்லவா.

அதனால் தனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் படத்தை எடுத்து அனுப்பிவிட வேண்டும். குருவி புகை விடுகிற படம். அதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும், வந்துவிடுவார். வாயைத் திறக்காமலே காரியம் ஆகிவிடும். படித்தவள், உடம்புக்குள் இருப்பதை எல்லாம் படம் பிடித்துப் பார்க்கிறவள், போட்ட கணக்கைப் பாருங்கள்! அவளுக்கே சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் முதல் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பிப் போனாள்.

ஒரு நாள் மேகம். ஒரு நாள் காற்று. ஒரு நாள் எல்லாம் கூடி வந்தது, குருவி மட்டும் வரவில்லை, பூனை வந்து ரப்பர் விரிப்பில் படுத்துக்கொண்டது. ஒரு நாள் குருவி பாடியது, அவள் கண்ணால் புகையைப் பார்த்தாள். நூல் மாதிரி, சுருண்டு, வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று கரைந்தது. விரல் மரக்கட்டையாகிவிட்டது. பாட்டு முடிந்து அலகு மூடியதும் சமர்த்தாக அமுக்கிற்று. அந்த விரலை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவளுக்கு. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, மூச்சை விட்டுக்கொண்டே கேமராவை அமுக்கிப் பழகினாள். பழகிப் பழகித் தலை சுற்றிற்று. பல்லு தேய்க்கற மாதிரி சாதாரணமா மூச்சு விடேன்டி, என்று கடந்து போகிற மாமியார் சொல்லிவிட்டுப் போனாள்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலை. புல் வெள்ளையாக விறைத்திருந்தது. சலவைக் கொடியில் மறந்துபோய் விட்ட ஒரு தலையணை உறை பலகை மாதிரி நின்றது. காற்று துளி இல்லை. அவள் குப்புறப் படுத்து, கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு, கம்பத்தின் உச்சியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்திருந்தாள். சந்து வழியாக வெளிச்சம் வந்து கம்பத்தின் பாதியைத் தொட்டது, மெல்ல ஏறியது. சொல்லி வைத்தாற்போலக் குருவி வந்து உட்கார்ந்தது. இறகைச் சிலிர்த்து உடம்பை உருண்டையாக்கிக்கொண்டது. கரிய சுவருக்கு முன்னால் அதன் ஓரமெல்லாம் பொன்னாக எரிந்தது.

பாடியது. புகை வந்தது. விரல் நின்றது. அவள் மனசுக்குள்ளேயே விரலிடம் கெஞ்சினாள். குருவி சற்று நிறுத்தியது, தலையைத் திருப்பியது, மறுபடி அலகைத் திறந்தது. இப்போது. நெஞ்சு அசைகிறது, அசையட்டும். அவள் விரல் இறங்கத் தொடங்கிய அந்த நொடியில் ஸ்வெட்டர் பையில் போன் அதிர்ந்தது. திடுக்கிட்டதில், பிடித்திருந்த மூச்சு கழுத்துத் துணியைத் தாண்டி மொத்தமாக வெளியே வந்தது. கேமரா கிளிக்கென்றது. குருவி கம்பத்திலிருந்து கீழே குதித்து எங்கோ மறைந்தது.

அவர்தான். அவள் ஆத்திரத்தில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். என்ன, உடனே எடுத்துட்ட, என்று அவருக்கு ஆச்சரியம். ஒன்றும் இல்லை, சொல்லுங்கள் என்றாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரொம்ப யோசித்தாராம். அவளுக்கு வேலை இருக்கிறது, இப்போது படம் எடுப்பதும் இருக்கிறது, அவள் பாட்டுக்கு நன்றாக இருக்கிறாளாம். அவர் வந்து வீட்டில் குறுக்கே நிற்பானேன். கேப்டனிடம் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். மத்தியானம் கையெழுத்தாம்.

"உனக்குச் சரிதானே?"

"சரி," என்றாள். "உடம்பைப் பாத்துக்கோங்க."

போன் அடங்கிவிட்டது. எத்தனையோ வருஷமாக வாசலில் நின்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த ஒரு சொல், கேட்ட உடனே வந்து விழுந்துவிட்டது. அவள் புல்லில் அப்படியே கிடந்தாள். கை சும்மா இருக்க மாட்டாமல் கேமராவின் பின்பக்கத் திரையில் கடைசிப் படத்தைத் திறந்தது.

திரை முழுக்க வெள்ளை. பொன் கலந்த வெள்ளை, திரண்டு, சுழன்று, ஓரங்களில் பிரிந்து. ஒரு கணம் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு குதித்தது. பிறகு உற்றுப் பார்த்தாள். குருவியைக் காணவில்லை, கம்பத்தின் நுனி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இத்தனூண்டு குருவிக்கு இவ்வளவு பெரிய மூச்சு ஏது? இது அவளுடையது. லென்ஸுக்கு முன்னால் அவளே விட்டது. டீச்சர் பார்த்தால் கெட்டுப்போன படம் என்று அழித்துவிடுவாள்.

அவள் அழிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இத்தனையும் உள்ளேயே வைத்துக்கொண்டா வாசலில் நின்று பாத்துப் போங்க, பாத்துப் போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தோம்? அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. அவர் வேண்டும். கதவுக்கு எண்ணெய் போடுகிற கை வேண்டும், துண்டு ஈரமாக இருக்க வேண்டும், கட்டிலில் அவர் பக்கத்தில் அவர் படுத்திருக்க வேண்டும். குருவிப் படம் யாருக்கு வேண்டும்?

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, போனை எடுத்தாள். கல்யாணமான நாளாய் அவள் கப்பலுக்கு போன் செய்ததே கிடையாது. வேலையில் இருப்பார், தூங்குவார், தொந்தரவு எதற்கு என்று எப்போதும் அவர் அழைப்பதற்காகவே காத்திருந்தவள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இனி எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார். குரல் பதறியது.

"என்ன ஆச்சு? அம்மாவுக்கு என்ன?"

"அத்தை நல்லா இருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏங்க, நான் இப்ப சரின்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"அது பொய். எப்பவும் பொய்தான் சொன்னேன். கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது, அடக்கத் தோன்றவில்லை. அப்போது கம்பத்தின் மேலிருந்து அந்தப் பாட்டுக் கேட்டது. எப்போது திரும்பி வந்தது என்று தெரியாது. வெளிச்சம் சந்தைவிட்டு இன்னும் போகவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றார் அவர். பிறகு, நம்ப முடியாமல், "அதுவா?"

"அதேதான்."

"புகை விடுதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அலகு திறந்திருந்தது. நெஞ்சு துடித்தது. சின்னச் சின்னச் சுருளாக வெளிச்சத்தில் ஏறிக் கரைந்தது.

"விடுது. நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே விடுது."

அவருக்குக் குரல் உடைந்தது. சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. "அய்யோ, அப்ப போனை வைம்மா. வச்சுட்டுப் படம் எடு. பறந்துடப் போகுது."

கேமரா கையெட்டும் தூரத்தில் ரப்பர் விரிப்பின் மேல் கிடந்தது.

"பறந்தாப் பறக்கட்டும்," என்றாள். "நீங்க வாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சுக் கேட்டது. வரேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குருவி பாடி முடித்துப் பறந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.